சென்னை – சான் பிரான்சிஸ்கோ: தூரம் 13,900 கி.மீ., டிக்கெட்டில் மட்டும் ஏன் 23 மணி நேரம்?

நங்கநல்லூர் மாடிவீடு:

வணக்கம். அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 67. இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அக்கா சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஃப்ரீமாண்டில் இருக்கிறாள், ஆகஸ்ட் முதல் வாரம் பிரசவ தேதி. ஜூலை நடுவில் இவர்களை அனுப்பி வைக்க வேண்டும். விசா வந்துவிட்டது, டிக்கெட்தான் பாக்கி.

என் குழப்பத்தைச் சொல்கிறேன். சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 13,900 கி.மீ. என்று எல்லா இணையதளங்களும் சொல்கின்றன. பறக்கும் நேரம் மட்டும் தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஒன்றில் பதினைந்தரை மணி, இன்னொன்றில் கிட்டத்தட்ட பதினெட்டு மணி. டிக்கெட் தேடினால் 21 மணிக்குக் கீழே ஒன்றுமே இல்லை, சிலது 34 மணி வரை போகிறது. அப்பா கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். "13,900-ஐ 900-ஆல் வகுத்தால் பதினைந்தரைதானே வருகிறது, மீதி எங்கே போகிறது?" என்று மூன்று நாளாகக் கேட்கிறார். ஒரு தளத்தில் 7,510 என்றும் வேறொன்றில் 8,640 என்றும் பார்த்துவிட்டு, தூரமே சரியில்லை என்கிறார்.

இன்னொன்று. ஒரு விமானம் துபாய் வழியாக மேற்கே போகிறது, இன்னொன்று ஹாங்காங் வழியாகக் கிழக்கே போகிறது. எதிரெதிர் திசையில் கிளம்பி எப்படி ஒரே ஊருக்குப் போகிறார்கள்? எது கிட்டே?

அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? முட்டி வலி இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடுதளம் 07:

விமானப் பாதை திட்டமிடும் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன், இப்போது பல்லாவரத்தில் ஓய்வில் இருக்கிறேன். அப்பா சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூன்று எண்களும் ஒரே தூரம்தான். 13,900 கிலோமீட்டர், 8,640 சாதாரண மைல், 7,510 நாட்டிகல் மைல். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. வானத்திலும் கடலிலும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

அடுத்தது, அந்தத் தளங்கள் எந்த விமானத்தையும் பார்த்து நேரம் சொல்வதில்லை. தூரத்தை ஒரு வேகத்தால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். 900-ஆல் வகுத்தால் பதினைந்தரை. 800-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் ஏறக்குறைய பதினெட்டு. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானமே இல்லாதபோது அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இருக்கிற வழிகளைப் பாருங்கள். துபாய் வழியாகப் போனால் சென்னை–துபாய் 2,930, அங்கிருந்து 13,040, ஆக 15,970 கி.மீ. ஹாங்காங் வழியாக 3,710-உம் 11,130-உம் சேர்த்து 14,840. சிங்கப்பூர் வழியாக 16,500-ஐத் தாண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 16,700-க்கு மேல். இதெல்லாம் நேர்க்கோட்டுத் தூரம். நிஜப் பாதை காற்று, வான்வெளி அனுமதி, மேகம் எல்லாவற்றையும் பார்த்து இன்னும் கொஞ்சம் நீளும்.

டிக்கெட்டில் போடும் நேரம், நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை போடும் வரை உள்ள நேரம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்கும் ஊரில் முறைக்காகச் சுற்றுவது எல்லாம் அதில் அடங்கும். 900 கி.மீ. வேகம் நடுவானில் மட்டும்தான். இரண்டு விமானம் மாறினால் இதெல்லாம் இரண்டு தடவை நடக்கும். நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அப்பா தேடும் மீதி கிடைத்துவிடும்.

பரங்கிமலை வாத்தியார்:

நண்பர் ஓடுதளம் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் பூகோளத்தைச் சொல்கிறேன். முப்பது வருடம் பள்ளியில் அதைத்தான் நடத்தினேன்.

சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தை மறந்துவிடுங்கள். அதில் சான் பிரான்சிஸ்கோ இடது ஓரத்தில் இருக்கும், நம் ஊர் வலது பக்கம் இருக்கும், அதனால் மேற்கே போவதுதான் வழி என்று தோன்றும். வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் எடுங்கள். ஒரு நூலை சென்னையில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாக எங்கே போய் நிற்கிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. அது கிழக்கே போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே போகும், கொஞ்சம் கிழக்கே சாய்ந்து.

அந்த நூலைப் பின்தொடர்ந்து நான் பல முறை கணக்குப் போட்டிருக்கிறேன். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, நெல்லூருக்கு எதிரே வங்கக்கடல் மேலே போய், மசூலிப்பட்டினம் அருகே மறுபடி நிலத்தைத் தொடுகிறது. ஒடிசாவின் மேற்குப் பகுதி, பீகார், அப்புறம் நேபாளம். நேபாள எல்லையில் எவரெஸ்ட் சிகரத்தின் மேலேயே போகிறது. ஏதோ ஒப்புக்குச் சொல்லவில்லை, கோண அளவு கணக்கில் பாதையும் சிகரமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. அதன்பின் திபெத், சீனாவின் துன்ஹுவாங் பக்கம், மங்கோலியா, ரஷ்யாவின் பைகால் ஏரியின் மேற்குக் கரை, சைபீரியாவின் யாகூதியா. ரஷ்யாவின் கிழக்கு மூலையில் ஏறக்குறைய 69 பாகை (டிகிரி) வடக்கு வரை, அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறி, பேரிங் நீரிணைக்குச் சற்று வடக்கே கடலைத் தாண்டி, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரின் தலைக்கு மேலே வந்து, பசிபிக் கரையோரமாகவே தெற்கே வந்து சேருகிறது.

எவரெஸ்ட்டைச் சொல்லும்போது எனக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் மொட்டை மாடியிலிருந்து பரங்கிமலை தெரியும் அல்லவா? 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் அங்கேதான் நூறடிச் சங்கிலியை நிலத்தில் போட்டு அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், அதாவது 12 கி.மீ. அதை அளக்க 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளந்துகொண்டே போனார்கள். கிழக்குக் கரையிலிருந்து மங்களூர் வரை அளந்தபோது, பழைய வரைபடங்கள் காட்டியதைவிட அகலம் நாற்பது மைல் குறைவு என்று தெரிந்தது. பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் லாம்ப்டனின் நோக்கம். லாம்ப்டன் 1823-இல் இறந்தார். அவருக்குப் பின் அந்த வேலையை நடத்தியவர் ஜார்ஜ் எவரெஸ்ட். பிறகு 1852-இல் அதே அளவை வேலையின் கணக்காளர் ராதாநாத் சிக்தார் கணக்கிட்டு, பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று சொன்னார். அதற்குத்தான் எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள்.

ஆக, பூமியின் வளைவை அளக்கும் வேலை உங்கள் வீட்டுப் பக்கத்தில் தொடங்கி, அந்தச் சிகரத்தின் உயரம் வரை போனது. இன்று நீங்கள் அதே இடத்திலிருந்து வளைவான பாதையைக் கேட்கிறீர்கள், அதுவும் அந்தச் சிகரத்தின் மேலேயே போகிறது. மலையில் லாம்ப்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை உண்டு. பக்கத்திலேயே இருந்தும் பலர் பார்த்ததில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

நங்கநல்லூர் மாடிவீடு:

ஐயா, அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். உடனே பக்கத்து வீட்டுப் பையனின் உருண்டையை வாங்கி வந்து தையல் நூலைப் போட்டுப் பார்த்தார். நூல் இமயமலை மேலேதான் போகிறது! அப்புறம் அவரே கேட்டார்: "வழி இவ்வளவு நேராக இருக்கும்போது ஏன் யாரும் அதில் போவதில்லை?"

ஓடுதளம் 07:

வியாபாரக் காரணம் முதலில். ஒரே ஊரிலிருந்து தினமும் ஒரு பெரிய விமானத்தை நிரப்பும் அளவுக்கு முழுக் கட்டணம் கொடுப்பவர்கள் வேண்டும். 14,000 கி.மீ. பறக்கிற விமானம் மணிக்கு ஏழு, எட்டு டன் எரிபொருள் எரிக்கும். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளையும் முதல் மணி நேரத்திலிருந்தே சுமக்க வேண்டும். அந்தச் சுமையைச் சுமக்கவே கூடுதல் எரிபொருள் தேவை. அதனால் மிக நீளமான ஒரே பறப்பு எப்போதும் மலிவாக இருக்காது.

முடியாத காரியம் இல்லை. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய விமானத்தில் வட துருவம் வழியாக நிற்காமல் வந்தார்கள். அந்தத் தூரம் நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். சுமார் 17 மணி நேரம். சிங்கப்பூர்–நியூயார்க் 15,300 கி.மீ.க்கு மேல், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பறக்கிறார்கள்.

ஆனால் வாத்தியார் ஐயா சொன்ன அந்த நூலின் மேலேயே போவது கடினம். காரணம் திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் மேலிருந்து முகமூடி விழும் அல்லவா? அதில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலான விமானங்களில் பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரைதான். அதற்குள் விமானி பத்தாயிரம் அடிக்கு இறங்கிவிட வேண்டும், அங்கே சாதாரணமாக மூச்சு விடலாம். திபெத்தில் தரையே பதினான்காயிரம், பதினைந்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. எங்கே இறங்குவது? கூடுதல் ஆக்சிஜனும் முன்பே குறித்து வைத்த தப்பிக்கும் பாதைகளும் இருந்தால்தான் அங்கே பறக்கலாம். பெரும்பாலானவர்கள் சுற்றிப் போய்விடுவார்கள்.

வடக்கே போகப் போக, அவசரத்துக்கு இறங்கும் ஊர்களும் குறைவு. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. பயணிகள் ஒன்றரை நாளுக்கு மேல் பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் தங்க வேண்டியிருந்தது. பாதை போடும்போது எங்கள் மனதில் இதெல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

அண்ணாநகர் இரண்டாவது அவென்யூ:

நான் ஹாங்காங் பக்கம்தான் சொல்வேன். மாதம் ஒருமுறை வேலைக்காகப் போய் வந்தவன். போகும்போது சென்னை–ஹாங்காங் ஐந்தரை மணி, ஹாங்காங்–சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டரை மணி. அம்மாவின் முட்டிக்கு இதுதான் நல்லது. துபாய் வழியில் இரண்டாவது பறப்பு பதினாறு மணி நேரம், மூன்றரை மணி அதிகம்.

மயிலை மாமி:

தம்பி சொல்வது எண் அளவில் சரி. ஆனால் நான் 69 வயதில் தனியாக நான்கு முறை போய் வந்தவள், அதனால் என் பேச்சையும் கேளுங்கள். மூன்று முறை வளைகுடா வழி, ஒரு முறை ஹாங்காங் வழி.

வயதானவர்களுக்கு நடுவில் இறங்கும் ஊர்தான் பயமே. துபாயில் சக்கர நாற்காலி தள்ள வந்த பிள்ளை மலையாளம் பேசினான். கழிப்பறை எங்கே, எந்த வாசல், தண்ணீர் எங்கே என்று கேட்க எனக்கு மொழி இருந்தது. ஹாங்காங்கில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் நான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. சாப்பாடும் அப்படித்தான். சுத்த சைவம் தேடி அலைந்து கடைசியில் வாழைப்பழமும் தயிரும் சாப்பிட்டேன். பதினாறு மணி நேரத்தில் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டால் மீதி எட்டுதானே.

அண்ணாநகர் இரண்டாவது அவென்யூ:

மாமி, தூக்கம் வந்தால்தானே? என் அப்பா ஒரு நிமிடம் கண் மூடவில்லை. சாப்பாட்டுக்கு இரண்டு வேளைக்கு எலுமிச்சை சாதமும் சப்பாத்தியும் கட்டிக் கொடுத்துவிட்டால் போதும். மொழிக்கு, எந்த வாசல், எந்த விமானம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

மேற்குப் பக்கம் வான்வெளி திடீரென்று மூடுகிற கவலையும் இருக்கிறது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியை மூடியபோது எவ்வளவு பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள்.

மயிலை மாமி:

அதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கிளம்புவதற்கு முன் நிலவரம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஹாங்காங்கில் புயல் வராதா? ஜூலை, ஆகஸ்ட் அங்கே புயல் காலம்தானே.

ஓடுதளம் 07:

இருவர் சொல்வதும் சரி. நான் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன், பலர் இதைப் பார்ப்பதில்லை. போகிற நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், திரும்பி வரும் நேரத்தையும் பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகமான காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. மணிக்கு 200, சில சமயம் 300 கி.மீ.க்கு மேல். ஜப்பான் பக்கம் அது ரொம்ப வலுவாக இருக்கும். ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா போகும்போது அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் அதே 11,130 கி.மீ. போகும்போது பன்னிரண்டரை, வரும்போது பதினான்கரை. குளிர்காலத்தில் இன்னும் கூடும். சிங்கப்பூர் வழியிலும் இதே கதைதான், போக பதினைந்தரை, வர பதினேழு.

துபாய் பாதை வேறு மாதிரி. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூல் போட்டால் அது வட துருவத்துக்கு 200 கி.மீ. பக்கத்தில் போகும், ஏறக்குறைய நேர் வடக்கே ஏறி நேர் தெற்கே இறங்குகிற மாதிரி. குறுக்கே வீசும் காற்று பெரிதாகத் தள்ளாது, தடுக்கவும் தடுக்காது. போக வர இரண்டுமே பதினாறை ஒட்டித்தான். ஆகவே போகும்போது மூன்றரை மணியாக இருக்கும் வித்தியாசம், வரும்போது ஒன்றரையாகச் சுருங்கிவிடும்.

குரோம்பேட்டை மருந்தகம்:

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். வயதானவர்களுக்கு மருந்து கட்டிக் கொடுத்து அனுப்பிய அனுபவத்தில் கேட்கிறேன். பெற்றோருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் உண்டா?

நங்கநல்லூர் மாடிவீடு:

அப்பாவுக்குச் சர்க்கரை. காலை, இரவு இன்சுலின் போடுகிறார். அம்மாவுக்கு அழுத்த மாத்திரை ஒன்று.

குரோம்பேட்டை மருந்தகம்:

அப்படியானால் இதைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள். அங்கே உறைந்துபோகலாம், பெட்டி தொலைந்தால் மருந்தும் போய்விடும். கைப்பையில், மருத்துவர் சீட்டோடு இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் முன்பே சொல்லிவிடுங்கள், பிரச்சினை இல்லை.

பெரிய விஷயம் நேரம். ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஹாங்காங்கில் பகல் ஒரு மணிக்கு ஏறி, பன்னிரண்டரை மணி நேரம் பறந்து, இறங்கினால் அதே தேதியில் காலை பத்தரை. அப்பா "காலை ஆகிவிட்டது, ஊசி போடலாம்" என்று நினைத்தால் ஆபத்து. கடைசி ஊசி போட்டு எத்தனை மணி ஆகிறது, எப்போது சாப்பிட்டார் என்பதுதான் கணக்கு. இப்போதே அவருடைய மருத்துவரிடம் விமான நேரங்களைக் காட்டி, சென்னை நேரப்படி எப்போது எத்தனை அலகு (யூனிட்) என்று எழுதி வாங்குங்கள். ஒரு பழைய கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே மாற்றாமல் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து மூன்று நாள் வரை அதைக் கழற்ற வேண்டாம்.

அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலைச் சுழற்ற வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறை போக வேண்டுமே என்று பயந்து பல அம்மாக்கள் தண்ணீரே குடிப்பதில்லை. காலில் இரத்தம் கட்டிக்கொள்ள அதுவும் ஒரு காரணம். காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை வேண்டுமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லாமல் வாங்கிப் போடாதீர்கள்.

வேளச்சேரி ஏரிக்கரை:

ஒரு எச்சரிக்கை, என் சொந்த அனுபவம். இரண்டு வருடம் முன்பு பதினோராயிரம் ரூபாய் மிச்சம் என்று, சென்னை–சிங்கப்பூர் ஒரு நிறுவனத்திலும், சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாக வாங்கினேன். டிசம்பர் மழையில் முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இரண்டாவது போய்விட்டது. தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டு பேருமே பொறுப்பில்லை என்றார்கள். புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒரே பதிவு எண்ணில் இருந்தால் அவர்களே அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள், பெட்டியும் கடைசி ஊர் வரை போகும். வயதானவர்களுக்குத் தனித்தனி டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள்.

சென்னை மழையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரில் விமான நிலையம் நான்கைந்து நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலிலும் ஓடுதளத்தில் தண்ணீர் நின்று மூடினார்கள். ஜூலையில் அந்தப் பயம் இல்லை. திரும்பி வருவது எப்போது?

நங்கநல்லூர் மாடிவீடு:

நவம்பர் கடைசி.

ஃப்ரீமாண்ட் அக்கா:

நான் உங்கள் அக்கா இல்லை, ஆனால் அதே ஊர்! என் மாமனார் மாமியார் மூன்று முறை வந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

விமானம் இறங்கியதும் பயணம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணியும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் தனி வரிசை, அதை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். அமெரிக்காவுக்குள் வேறு ஊரில் இறங்கி மாறும் டிக்கெட் வேண்டாம். முதலில் தொடும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சோதனை முடித்து, மறுபடி போட வேண்டும். பெரியவர்களுக்கு அது பெரிய தொல்லை.

கோடையில் காலை நேரம் இங்கே தாழ்ந்த மேகமும் பனிமூட்டமும். அதனால் விமானங்கள் தாமதமாவது வழக்கம். விமான நிலையத்திலிருந்து ஃப்ரீமாண்ட் ஏறக்குறைய 45 கி.மீ., சான் மட்டேயோ பாலம் வழியாக. மாலை நேரம் என்றால் ஒன்றரை மணி.

பிரசவத்துக்கு வருகிறார்கள் என்றால் அம்மா கண்டிப்பாகக் கறிவேப்பிலை கொண்டுவரப் பார்ப்பார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் கூடாது. எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரவும் என்று தடை. கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் மிச்சம் இருந்தாலும் விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள். உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு உண்மையாக "ஆம்" என்று சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஓடுதளம் 07:

பனிமூட்டத்துக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்றால், அங்கே இணையாக இருக்கும் இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவில் 230 மீட்டர்தான் இடைவெளி. என் காலத்தில், வானம் தெளிவாக இருந்தால் விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துக்கொண்டு ஜோடியாக இறங்குவார்கள். மேகம் தாழ்ந்தால் அப்படி இறங்க முடியாது, ஒரு மணி நேரத்தில் இறங்கும் எண்ணிக்கை சட்டென்று குறையும்.

நங்கநல்லூர் மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து முடிவு செய்தோம். ஹாங்காங் வழி, ஒரே பதிவு எண், நடுவில் மூன்று மணி பத்து நிமிடம். மாமி, உங்கள் பேச்சைத் தள்ளவில்லை. அம்மாவின் முட்டிதான் தீர்மானித்தது. இருவருக்கும் சக்கர நாற்காலியும் இந்திய சைவ உணவும் சொல்லியாகிவிட்டது. கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்.

மயிலை மாமி:

நல்லபடியாகப் போய் வரட்டும். ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், இரண்டு உறை போட்டு.

நங்கநல்லூர் மாடிவீடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இருவரும் நலமாகப் போய்ச் சேர்ந்தார்கள், போன வியாழன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

அப்பா வழியெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து சென்னையில் விமானம் நகர்ந்தது வரை 3 மணி 50 நிமிடம். ஹாங்காங் வரை 5.20. காத்திருந்தது 3.25, கொஞ்சம் தாமதம். சான் பிரான்சிஸ்கோ வரை 12.15. வெளியே வர 1.20, அக்கா வீட்டுக்கு 1.05. மொத்தம் 27 மணி 15 நிமிடம். அதில் பறப்பு 17 மணி 35 நிமிடம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். இருக்கைக்கு முன்னால் இருந்த திரையில் வேகம் ஒரு கட்டத்தில் 1,080 கி.மீ. காட்டியதாம். "பின்காற்று என்று அந்த சார் சொன்னாரே, கண்ணால் பார்த்தேன்" என்றார். இன்சுலின் குழப்பமே இல்லை. சென்னை நேரக் கடிகாரத்தை நான்காம் நாள்தான் கழற்றினார்.

வாத்தியார் ஐயா, அப்பா அங்கே நூலகத்தில் ஒரு பெரிய உருண்டையைப் பார்த்து, அக்காவின் மூத்த பையனுக்கு நூல் போட்டுக் காட்டினாராம். எவரெஸ்ட், பைகால், ஆங்கரேஜ் மூன்றையும் அவன் மனப்பாடமாகச் சொல்கிறான். திரும்பி வந்ததும் உங்களோடு மலைக்கு வந்து லாம்ப்டன் சிலையைப் பார்க்க வேண்டுமாம்.

ஓடுதளம் சார், நவம்பர் கடைசி வாரம் திரும்பும்போது இரண்டு மணி நேரம் அதிகம் என்றீர்கள். நடுவில் ஒரு மணி ஐம்பது நிமிடம் உள்ள டிக்கெட்டும் இருக்கிறது, மூன்றரை மணி உள்ளதும் இருக்கிறது. எதை எடுக்க?

ஓடுதளம் 07:

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். மூன்றரை மணி உள்ளதை எடுங்கள். நவம்பர் கடைசியில் பசிபிக் மேல் எதிர்காற்று வலுத்துவிடும், அட்டவணையில் பதினான்கரை போட்டிருந்தாலும் பதினைந்தைத் தொடும் நாட்கள் உண்டு. நமக்கு வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான், சென்னையில் இறங்கத் தாமதமானாலும் ஆகலாம். இரவுச் சாப்பாட்டை மனதில் வைத்து அப்பாவுக்குக் கையில் பிஸ்கட்டும் ஒரு சாதப் பொட்டலமும் இருக்கட்டும். இன்னொன்று, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன்பின் வித்தியாசம் பதின்மூன்றரை மணி. மருத்துவரிடம் வாங்கும் புது அட்டவணையில் அதைச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

பரங்கிமலை வாத்தியார்:

டிசம்பர் முதல் ஞாயிறு, மழை இல்லாவிட்டால் காலை ஏழு மணி. அடிவாரத்தில் காத்திருப்பேன். படியேற முட்டி வலிக்கும் என்றால் மேலே வண்டி போகும் சாலையும் இருக்கிறது, அம்மாவையும் அழைத்து வாருங்கள்.